எத்தனை பேர்

"ரூம்ல எத்தனை பேர் படுப்பீங்க? அதை வச்சுத்தான் ஒரு டன்னா ஒன்றரையான்னு சொல்ல முடியும்" என்றார் ஏசி கடைக்காரர்.

"மூணு" என்று வாயெடுத்த கணவனின் கையைக் கோதை நறுக்கென்று கிள்ளினாள். போன இரண்டு தடவையும் கரு நான்காம் மாதத்தைத் தாண்டவில்லை. இது ஐந்தாம் மாதம். போன தடவை அவசரப்பட்டுத் தொட்டில் வாங்கி வந்தவனும் இவன்தான்.

"ரெண்டு பேர்தாண்ணே."

"அப்போ ஒரு டன் தாராளம்" என்றவர் படிவத்தில் 2 என்று எழுதினார். எழுதியது அப்படியே பலித்துவிடுமோ என்று அவள் சட்டெனக் குறுக்கிட்டாள்.

"அண்ணே, அதை அழிச்சிருங்க."

"மூணு போடவாம்மா?"

"ஐயோ, வேண்டாம். ஒண்ணுமே எழுதாதீங்க."

அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி விழித்தார். "அப்போ எந்த ஏசியத்தான் குடுக்கிறது?"

கோதை படிவத்தின் பக்கமே திரும்பாமல் சொன்னாள்: "ஒன்றரையே குடுங்க."