ஹபீபுன்னிசா வீட்டு ரெகுலேட்டர்

கேஸ் விஷயத்தில் நன்னிலம் முழுக்கப் புத்திமதி சொல்லித் திரிகிற மெக்கானிக் காயாரோகணம், ஹபீபுன்னிசா வீட்டு அடுப்பைப் பழுதுபார்க்கக் கழற்றிக்கொண்டு போனபோது ரெகுலேட்டரை மூட மறந்துவிட்டார். கடைக்கு வந்து டீயை வாயில் வைத்த பிறகுதான் உறைத்தது. அவர் கிளம்பும்போதே ஹபீபுன்னிசாவும் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போயிருந்தாள். பூட்டிய வீடு, திறந்த சிலிண்டர். தலைதெறிக்க ஓடினார்.

கடைத்தெருவிலிருந்து அப்போதுதான் திரும்பிய ஹபீபுன்னிசா கதவைத் திறந்தாள். உள்ளே கேஸ் வாடையே இல்லை. ரெகுலேட்டர் மூடியிருந்தது.

"யாருக்கா மூடினது?"

"நீங்கதான் மூடியிருப்பீங்க."

"நானா? என் மறதிக்கு என் பொண்டாட்டியே சாட்சி."

"அப்ப பூனையா இருக்கும்."

"பூனை ரெகுலேட்டரைத் திருகுமாக்கா? தானா மூடிக்குதுன்னா கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். இப்பவே வேற மாத்திடறேன்."

அவர் குனிந்ததும் ஹபீபுன்னிசா சிலிண்டரை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"மாத்தாதீங்க தம்பி, எங்க வீட்டுக்காரருக்குப் புதுசு பழக்கமில்ல. குவைத்துல இருந்தப்ப போன் பண்ணா, 'கேஸை மூடுனியா'ன்னுதான் முதல்ல கேப்பாரு. மவுத்தாகி அடக்கமான பிறகு நேர்லயே வந்து மூடிட்டுப் போறாரு. அதுக்காகத்தான் நானும் தெனம் திறந்து வச்சுட்டுப் படுக்கிறேன்."