பசை இன்னும் காயவில்லை

“ஒரு பசை காய எவ்வளவு நாள் ஆகும் மேடம்?”

தலைமை நூலகரின் எதிரே உட்கார்ந்திருந்த பேராசிரியர் கேட்டார். வார்த்தையில் மரியாதை இருந்தது. முகத்தில் இல்லை.

“எந்தப் பசை சார்?”

“உங்க செப்பனிடும் பிரிவுல ஒரு மகானுபாவர் இருக்காரே, அவர் ஒட்டுற பசை. பழைய செடிகொடிப் படத் தொகுப்பு ஒண்ணு கேட்டேன். போன மாசம் கேட்டா பசை காயலைன்னார். போன வாரம் கேட்டா பசை காயலைன்னார். இன்னிக்கும் அதே பாட்டு.”

தலைமை நூலகர் பெருமூச்சு விட்டார். அந்த மனிதருக்கு நூலகம் முழுக்க ‘நத்தை’ என்றுதான் பெயர். கிழிந்த தாள் ஒன்றை வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கேட்டால், தாளுக்கு நம்முடைய அவசரம் தெரியாது என்பார். தாளுக்குத் தெரியாவிட்டால் போகிறது, சம்பளம் வாங்குகிறவருக்காவது தெரிய வேண்டாமா?

“ரொம்ப அவசரமா சார்?”

“பின்னே? அட்டையில ஒரு தாவரவியல் அறிஞர் பேர் போட்டிருக்கு. ஆனா படம் வரைஞ்சது அவர் இல்லை, அவரோட மனைவி. நிழலுக்குப் போட்ட கோடெல்லாம் இடது கைக்காரங்க இழுத்த மாதிரி சாஞ்சிருக்கு. அவர் வலது கைக்காரர், அந்தம்மாதான் இடது கை. கட்டுரை தயார். புத்தகத்தை ஒரே ஒரு தடவை கண்ணால பார்த்துட்டா அனுப்பிடுவேன்.”

“அருமையான விஷயம் சார்” என்றார் அவர், மனதாரவே. “நானே போய்ப் பார்க்கறேன். சோம்பேறித்தனம்னு தெரிஞ்சா மெமோதான். சாயங்காலத்துக்குள்ள போன் பண்றேன்.”

மெமோவின் முதல் வரியை மனதுக்குள் எழுதிக்கொண்டே படியிறங்கினார். செப்பனிடும் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தார்.

நத்தை குனிந்து, வெங்காயச் சருகு மாதிரி ஒரு மெல்லிய தாளை ஒரு கிழிசலின் மேல் தூரிகையால் படிய வைத்துக்கொண்டிருந்தார். அது வேறு ஏதோ புத்தகம். பேராசிரியர் கேட்ட படத் தொகுப்பு ஜன்னலோரம் பஞ்சு மெத்தையில் விரிந்து கிடந்தது. ஓர் ஆய்வு மாணவி பூதக்கண்ணாடியும் பென்சிலுமாக அதில் மூழ்கியிருந்தாள்.

தலைமை நூலகர் நேரே போய், ஒட்டுப் போட்ட ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“பசை காயலையா?”

நத்தை தூரிகையைக் கீழே வைத்தார். “காஞ்சிடுச்சு மேடம்.”

“எப்போ?”

“அவர் முதல் தடவை வந்து கேட்கறதுக்கு முன்னாடியே.”

மாணவி பதறிப்போய் எழுந்தாள். “சார் மேல தப்பில்லை மேடம். எனக்காகத்தான்…”

“நீ சும்மா இரும்மா, நான் சொல்றேன்” என்றார் நத்தை. “இந்தப் புத்தகத்தை வச்சுத்தான் இவ ஆய்வேடு எழுதறா மேடம். வரைஞ்சது மனைவின்னு கண்டுபிடிச்சதும் இவதான். துறைக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் வெள்ளந்தியாப் பேசிட்டு வந்துட்டா. மறுநாளே அவர் இங்க வந்து நிக்கறார். அவர் கட்டுரை முந்திக்கிட்டா, அவரைப் பார்த்து இவ காப்பியடிச்சதா ஆயிடும். அந்தம்மா வரைஞ்சு புருஷன் பேர் வாங்கினார். இன்னொரு தடவை அதே புத்தகத்துல அதே கூத்து நடக்கணுமான்னு தோணிச்சு.”

தலைமை நூலகர் மாணவி பக்கம் திரும்பினார். “எப்படிம்மா கண்டுபிடிச்சே?”

“கோடு சாயற விதம் மேடம். இதோ, இந்த இலைக்கடியில பாருங்க, இடது கை…”

அவர் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். இந்தப் புத்தகத்தை இன்னும் கண்ணால்கூடப் பார்க்காத ஒருவருக்குக் கோடு சாய்ந்திருப்பது எப்படித் தெரிந்தது?

நிமிர்ந்தபோது அவர் முகம் இறுகியிருந்தது.

“காரணம் எதுவா வேணா இருக்கட்டும். புத்தகம் கேட்டு வர்றவங்ககிட்ட பொய் சொல்றது தப்பு. முப்பது பேர் வந்து போற அறையில அதைத் திறந்து வச்சுக்கிட்டுப் பொய் சொல்றது அதைவிடத் தப்பு.”

“தப்புதான் மேடம். மெமோ குடுங்க, வாங்கிக்கறேன்” என்றார் நத்தை. அவர் குரலில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. மாணவிதான் பென்சிலையும் தாள்களையும் எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். இத்தனை நாள் உழைப்பும் போயிற்று, கூடவே ஒரு நல்ல மனிதரின் வேலைக்கும் உலை வைத்தாயிற்று என்று நினைத்தாள்.

“புத்தகத்தை எடுத்துக்கிட்டு என் ரூமுக்கு வாம்மா. உன் தாளையெல்லாம் விட்டுடாதே.”

அறைக்கு வந்ததும் தன் மேசையிலிருந்த கோப்புகளை ஒதுக்கிப் புத்தகத்தை வைக்கச் சொன்னார். மாணவி வைத்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி நின்றாள். அவர் தொலைபேசியை எடுத்துப் பேராசிரியரை அழைத்தார்.

“நீங்க சொன்னது சரிதான் சார். அந்த ஆளை நம்பி எதையும் விட முடியாது. புத்தகத்தை என் மேசைக்கே கொண்டு வந்துட்டேன்.”

“ரொம்ப சந்தோஷம் மேடம்” என்ற குரல் மாணவிக்கும் கேட்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “நான் எப்போ வரட்டும்?”

தலைமை நூலகர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டார்.

“ஆய்வேட்டை எப்போம்மா குடுக்கப் போறே?”

“அ… அடுத்த மாசக் கடைசியில மேடம்.”

தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, ரிசீவரிலிருந்து கையை எடுத்தார்.

“நானே தொட்டுப் பார்த்தேன் சார். பசை காய அடுத்த மாசக் கடைசி ஆயிடும்.”