தோல் குமிழ்

டொலேடோவின் ஞாயிறு வெயில் உயரத்து ஜன்னல் வழியாக இறங்கி, தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்த வட்டத்தை இரண்டாகப் பிளக்கிறது. வெளிச்சத்தில் ஃபெர்மின், நிழலில் நான். கையில் இருப்பவை விளிம்பு மழுங்கிய பழகு வாள்கள்தான்; நுனி மட்டும் கூர், அதை ஒரு தோல் குமிழ் மூடியிருக்கும். கையை நேராக நீட்டியபடி வட்டத்தின் ஓரமாகவே சுற்றி நடக்கிறோம். பெஞ்சில் அவன் மனைவி அம்பாரோ ஆரஞ்சு உரிக்கிறாள். மணம் கூடமெங்கும் நிற்கிறது. "ஏய் எல்விரா, நீ கையில பிடிச்சிருக்கறது வாளா, சூப்புக் கரண்டியா?" என்று கம்பி முகமூடிக்குள்ளிருந்து சீண்டுகிறான். ஓர் எட்டு குறுக்கே வைத்து மணிக்கட்டைத் திருப்புகிறேன். அவன் நெஞ்சில் பாய்கிறது வாள். வில்லாக வளைய வேண்டிய வாள் வளையவில்லை. குத்து வாங்கியவர்தான் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், எங்கள் வழக்கம் அது. "பட்டுச்சு! சுத்தமாப் பட்டுச்சு, ஒத்துக்கறேன்!" என்று முகமூடியைக் கழற்றிச் சிரிக்கிறான்.

அம்பாரோ தரையில் கிடக்கும் எதையோ ஆரஞ்சுத் தோல் என்று குனிந்து எடுக்கிறாள். சாறு பிசுபிசுக்கும் விரல்களுக்கு நடுவே திருப்பிப் பார்க்கிறாள். "எல்விரா, இது உன் வாள்ல இருந்ததா?" நான் என் வாள் நுனியைப் பார்க்கவில்லை. அவனுடைய தடித்த சட்டையில், இடது பக்கம், பட்டாணி அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கிறது. எங்கள் இருவர் பார்வையும் போகும் இடத்துக்கு அவன் கையும் போகிறது. சிரிப்பு முகத்திலேயே நிற்கிறது.

"பட்டுச்சு," என்கிறான் மறுபடியும், மெதுவாக.