டிவிக்கு மேலே ஒரு சிவப்புப் புள்ளி

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு சந்தேகப் பிராணியின் கதை சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற மேனேஜர் அவர். சாயங்காலம் நாற்காலியில் சாய்ந்தால் போதும், டிவிக்கு மேலே சுவரில் ஒரு சிவப்பு லேசர் புள்ளி ஆடும். உடனே மூன்று மாடி இறங்கி ஓடி, எதிர் வீட்டு வாத்தியாரைப் பிடித்து உலுக்குவார்.

"சத்தியமா நான் இல்ல மேனேஜர் சார்!"

கையும் களவுமாகப் பிடிக்க, லேசர் பட்டால் கத்தும் சென்சார் ஒன்றை வாங்கினார். புள்ளி விழும் இடத்திலேயே, எதிர் வீட்டு ஜன்னலைப் பார்த்து ஒட்டினார். புள்ளி வந்தது, சென்சார் கத்தவில்லை.

"ஓட்டை சென்சாரைத் தலையில கட்டிட்டியேப்பா!" என்று கடைக்காரரிடம் பாய்ந்தார்.

"அது நேர் எதிர்ல இருந்து வர்றதைத்தான் பிடிக்கும் சார். இந்த அகலக் கோண சென்சார் எந்தப் பக்கத்துல இருந்து வந்தாலும் விடாது."

"அதைக் குடு. நாளைக்கு வாத்தியாருக்குப் போலீஸ்தான்!"

மறுநாள் சென்சார் வீறிட்டது. ஜன்னலுக்கு ஓடினார். வாத்தியார் வீடு பூட்டிக் கிடந்தது. திரும்பினார். சமையலறை வாசலில் மனைவி, கையில் லேசர் விளக்கோடு.

"அடிப்பாவி, நீயா?"

"பின்ன? தினமும் நடங்கன்னு டாக்டர் தலைதலையா அடிச்சுக்கிட்டாரு, நாற்காலியை விட்டு எழுந்தீங்களா? இப்ப சுகர் எவ்வளவு குறைஞ்சிருக்கு பாருங்க. வாத்தியார்கிட்ட முதல்லயே சொல்லிட்டேன். உங்க உடம்பு தேறுற வரைக்கும் திட்டு வாங்கிக்கிறேன்னுட்டாரு!"

உங்கள் வீட்டிலும் இப்படி அக்கறையாக ஏமாற்றுகிறவர்கள் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்கட்டும், கண்ணுகளா.