விண்கலத்துக்கு வைத்த எலுமிச்சம்பழம்

குருபிரசாத்தின் அப்பா ஜகதீசன் இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. அதனால் விஜயநகர் வீட்டில் இந்தமுறை ஆயுத பூஜை இல்லை. காருக்குப் பொட்டுகூட வைக்கவில்லை. சக்கரங்களுக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழங்களை நசுக்கி முதல் ரவுண்டு போவது எப்போதும் அப்பாதான். நெட்டை மனிதர், சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளிவிடுவார். பிறகு குருபிரசாத் அதை முன்னுக்கு இழுத்துக்கொள்வான்.

மனசு கேட்கவில்லை. விண்வெளி கேமுக்காகத் தான் செய்துகொண்டிருந்த விண்கலத்தின் மாடல் ஃபைலைத் திறந்து, அதன் மூக்கில் குங்குமம் வைத்தான். அது தரையிறங்கும் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழங்களையும் வரைந்தான். சேவ் செய்துவிட்டுச் சாப்பிடப் போனான்.

வந்து திறந்தபோது பழங்கள் நசுங்கிக் கிடந்தன. விதைகள் சிதறியிருந்தன. விதைகளை அவன் வரையவே இல்லை.

"ஓட்டிப் பாத்தீங்களா?" என்றாள் மனைவி மஹதி.

"இன்னும் கேம்ல ஏத்தவே இல்ல."

காட்சியைத் திருப்பி விமானி அறைக்குள் போனான். தன் உயரத்துக்கு அவன் முன்னால் பொருத்தியிருந்த சீட், கடைசிவரை பின்னால் போயிருந்தது.

பழக்கத்தில் அவன் கை மவுஸைப் பிடித்து அதை முன்னுக்கு இழுக்கப் போனது.

"இழுக்காதீங்க," என்றாள் மஹதி. "மாமா இறங்கிட்டாரான்னு பாருங்க."