நாலு மாதத்தில் இருபது கிலோ

சுங்கை பினாங் அடுக்குமாடி வீட்டில் லீனாவின் எதிரே அமர்ந்து, தயாளன் எடை குறைக்கும் மாத்திரை டப்பாவைத் திறந்தான். கைப்பேசியில் இரண்டு படங்களைக் காட்டினான். ஒன்றில் பருமனான பெண். மற்றதில் அதே பெண் எலும்பும் தோலுமாக.

“நாலு மாசத்துல இருபது கிலோ, அக்கா. எல்லாம் நம்ம மாத்திரைதான்.”

லீனா படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “இவங்கள உனக்குத் தெரியுமா?”

“நல்லாத் தெரியும்லா. ஜுருவுல வேலை செய்யுறாங்க. நேத்துகூட பேசினேன், இன்னும் ரெண்டு டப்பா கேட்டாங்க.”

“பசி எடுக்கலையாமா?”

“பசியே இல்லையாம், அக்கா.”

“அது மட்டும் நெசம். ஒரு வாய் கஞ்சிகூட இறங்கல. நான்தான் ஊட்டினேன்.”

தயாளன் கைப்பேசியைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தான்.

“என் தங்கச்சி நடாஷா. வயித்துல கேன்சர். டிசம்பர்ல அடக்கம் பண்ணோம். இந்த ரெண்டு படத்தையும் அஞ்சலின்னு பேஸ்புக்ல போட்டதே நான்தான். திருடினவன் கீழ நான் எழுதியிருந்ததப் படிச்சிருக்கலாம்.”