தூத்துக்குடியில் ஒரு கணப்பு

"ஏங்க, உங்களுக்கு என்னமும் ஆயிட்டா?"

விஜிலா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். கிறிஸ்துமஸ் லீவுக்குக் கப்பலில் இருந்து வந்திருந்த அவள் கணவன் கிளைட்டன் ஒரு பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

உள்ளே இருந்தது சுவரில் மாட்டுகிற எலக்ட்ரிக் கணப்பு. வெள்ளைக்காரன் ஊரில் குளிர் காய்கிற சாமான். சுவிட்சைப் போட்டால் கண்ணாடிக்குள் பொய் நெருப்பு ஆடும், கீழே அனல்காற்று அடிக்கும்.

டிசம்பரிலும் ஃபேன் இல்லாமல் சோறு இறங்காத ஊரில் இது எதற்கு?

"ஏசி வாங்கித் தாங்கன்னு ரெண்டு வருசமா கேக்கேன். நீங்க அடுப்பைத் தூக்கிட்டு வந்திருக்கியளே!"

"கப்பல் மெஸ்ல கழட்டிப் போட்டாங்க. நல்ல சாமான் விஜி. கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

"சரி, வந்தது வந்துட்டு. இதையும் மலைக்கு அனுப்பிருவோம்."

ஹாலில் கம்பளி மூட்டைகள் குவிந்து கிடந்தன. மலைக்கிராமத்து ஏழைகளுக்காகச் சர்ச் பங்கு மாதர் சங்கம் சேர்த்தது. சங்கத்தின் தலைவி விஜிலாதான். இந்த வருஷம் தெருத்தெருவாக அலைந்து அவள் கால் வீங்கியதென்னவோ உண்மை.

"இல்ல விஜி. இது இங்கன வேணும்."

"இந்த ஊர்ல யாருக்குங்க குளிருது?"

கிளைட்டன் சிரித்துக்கொண்டே கணப்பின் மேல் இருந்த தூசியைத் துடைத்தான். கப்பல்காரன் மனசில் என்ன ஓடுகிறதென்று யார் கண்டது! நடுங்குகிற ஏழைக்குக் கொடுக்க மனசு வராத மனுஷனா இவர் என்று அவளுக்கு வருத்தமாகவே இருந்தது.

எலக்ட்ரீசியன் ஜெஸ்டின் வந்தான். பெட்டியைப் பார்த்தான், மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான்.

"மதினி, அண்ணனுக்குக் காய்ச்சல் கீய்ச்சல் உண்டா?"

"அதைத்தான் நானும் கேக்கேன்."

"ஹால்ல மாட்டிரலாமாண்ணே? வாரவங்க பார்ப்பாங்க."

"ஹால் வேண்டாம். குசினிக்குப் போற நடையில மாட்டு."

சமையற்கட்டுக்குப் போகிற இருட்டு நடையிலா? பெருமைக்கு வாங்கியிருந்தால் யாராவது அங்கே கொண்டுபோய் மாட்டுவார்களா? விஜிலாவுக்குக் குழப்பம் இன்னும் கூடியது.

ஜெஸ்டின் சுவரைத் தட்டினான். காரை பொலபொலவென்று உதிர்ந்தது.

"உப்புக்காத்து தின்ன சுவருண்ணே. இதுல மாட்டினா ஒரு நாள் யார் தலையிலயாவது விழும்."

"காரையைச் சுரண்டிட்டு, செங்கல்லுல போல்ட்டு அடி. உள்ள வயர் போகுதான்னு பார்த்துட்டு டிரில் போடு. மெயின் போர்டுல இருந்து தனி லைன், தனி பிரேக்கர். எர்த்தைச் சோதிச்சுக் காட்டணும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பேச்சே கூடாது."

"சிங்க்குல இருந்து தண்ணி தெறிக்காதா?" என்றான் ஜெஸ்டின்.

"அதுக்குத்தான் இவ்வளவு தள்ளி வைக்கச் சொல்லுதேன்."

விஜிலா ஆசையாகத் தைத்துப் போட்டிருந்த நடைத் திரைச்சீலையையும் கிளைட்டன் கழற்றச் சொல்லிவிட்டான். துணி பக்கத்திலேயே இருக்கக் கூடாதாம்.

"சுவிட்சைக் கீழ இறக்கு ஜெஸ்டின். குட்டையான ஆளுக்கும் எட்டணும்."

குட்டையான ஆளா? வீட்டில் இருப்பது இரண்டு பேர். இரண்டு பேருமே பனைமரம்.

அவளுடைய எரிச்சல் வேறு பக்கம் பாய்ந்தது. "நேத்தும் பேச்சித்தாய் ஒரு கோப்பையை உடைச்சுட்டா. இறால் கம்பெனி வேலையை முடிச்சுட்டு, அரைத் தூக்கத்துல இங்க வந்து பாத்திரம் கழுவுதா. இன்னைக்கு அவளை நிப்பாட்டிரப் போறேன்."

கிளைட்டன் சட்டென்று திரும்பினான். "இன்னும் ஒரு வாரம் பாரு விஜி."

"ஒரு வாரத்துல என்ன, புதுக் கை முளைச்சிருமா?"

கிளைட்டன் குனிந்து, உதிர்ந்த காரையை அள்ளினான்.

மத்தியானம் கோயிலில் இருந்து வண்டி வந்தது. விஜிலா மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனாள். அங்கே எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைந்தது. வீட்டுக்குத் திரும்பி, ஹாலில் விட்டுப்போன அந்த மூட்டையை மார்போடு அணைத்துத் தூக்கினாள். அப்போது நடையில் பேச்சுக் குரல் கேட்டது. பேச்சித்தாய் வந்துவிட்டாளா? வேலையை விட்டு நிற்கச் சொல்ல இதுதான் சமயம் என்று மூட்டையோடு நடையை நோக்கிப் போனாள்.

கணப்பில் நெருப்பு ஆடிக்கொண்டிருந்தது. எதிரே, விஜிலாவின் தோளுக்குக்கூட எட்டாத பேச்சித்தாய் இரண்டு கைகளையும் நீட்டியபடி நின்றாள். காலையில் இருந்து ஐஸுக்குள் கிடந்து இறால் உரித்த விரல்கள், ரத்தமே இல்லாமல் வெளுத்து, சுருங்கி, மடங்க முடியாமல் விறைத்திருந்தன.

"இன்னும் தள்ளி நில்லு தாயி. கை மரத்துப் போயிருந்தா சுடுறது தெரியாது" என்றான் கிளைட்டன். "கப்பல் ஃப்ரீசர்ல வேலை பார்த்தவன் நான், எனக்குத் தெரியும். போன லீவுல நீ கேஸ் அடுப்புல கையைக் காட்டிட்டு நின்னே பாரு, முந்தானை தீயை ஒட்டி ஆடிச்சு. எனக்குக் குலை நடுங்கிட்டு. இனிமே அங்கன போகாத. வந்ததும் இந்த சுவிட்சைப் போடு, கை சூடானதும் அமத்திரு."

பேச்சித்தாய் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"மடங்குது அண்ணாச்சி! இனிமே கோப்பை நழுவாது."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பின்னால் கம்பளி மூட்டையோடு விஜிலா நிற்பது அவளுக்குத் தெரியாது.

"ஆனா அக்காகிட்ட மட்டும் சொல்லிராதிய அண்ணாச்சி. அடுப்புல கை காட்டினதுக்கே, கேஸ் தீருதுன்னு அந்த ஏச்சு ஏசினாவ. கரண்டுன்னா விடுவாவளா?"